காலந்தவறிய ஒளிநாடா
(அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றின் ஒரு பக்கம்)

நமது வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டனர். நம் இலக்கிய இயக்கங்களைப் பற்றியோ, நின்றுபோன சிற்றிதழ்களைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ, அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1967 முதல் 1969 வரை மூன்று பருவங்கள் மட்டுமே நடந்து, அடுத்த வாரத்தை இலட்சக்கணக்கானோர் ஆவலோடு எதிர்நோக்கியிருந்தபோதே நிறுத்தப்பட்ட ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் கதை. 'ஸ்மதர்ஸ் பிரதர்ஸ் காமெடி அவர்' என்பது அதன் பெயர்.

கவிஞர்கள் கூடும் அவையில் இதற்கென்ன இடம் என்று நண்பர்கள் வினவக்கூடும். சொல் எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பற்றி நாம் பத்தாண்டுகளாகப் பேசி வந்திருக்கிறோம். அது எவ்வாறு மௌனமாக்கப்படுகிறது என்பதைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். தடையாணை பிறப்பித்தல், நூலைப் பறிமுதல் செய்தல், எழுதியவனைச் சிறையிடுதல் ஆகிய வழிகளை வரலாறு அறியும். அவற்றுக்குப் பெயரும் உண்டு, சாட்சியும் உண்டு. சொல்லப்பட்டதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி மௌனமாக்கும் வழியும் உண்டு. அதைக் கண்டுகொள்வது கடினம். ஸ்மதர்ஸ் சகோதரர்களின் கதை அந்த வழியின் கதை.

இரு சகோதரர்கள்

மூத்தவர் டாம், பிறப்பு 1937. இளையவர் டிக், பிறப்பு 1938. தந்தை அமெரிக்க இராணுவத்தில் மேஜர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்த நிலையிலேயே 1945இல் அவர் இறந்தார். பிற்காலத்தில் போரை எதிர்த்தவர்கள் நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று தூற்றப்பட்டபோது, இச்சகோதரர்கள் போருக்குத் தந்தையைக் கொடுத்த பிள்ளைகள் என்பதைப் பலர் நினைத்துப் பார்க்கவில்லை.

கலிஃபோர்னியாவில் கல்லூரி மாணவர்களாக இருந்தபோதே இருவரும் மேடையேறினர். நாட்டுப்புறப் பாடல்கள் அந்நாட்டு இளைஞரிடையே புத்துயிர் பெற்றுவந்த காலம் அது. டாம் கித்தாரும் டிக் தம் உயரத்தையும் மிஞ்சும் பேஸ் வாத்தியமும் ஏந்தி ஒரு பழம்பாடலை மிகுந்த பக்தியுடன் தொடங்குவர். பாதியில் டாம் குழம்புவார், பாட்டின் வரலாற்றைத் தப்பும் தவறுமாக விளக்குவார், டிக் திருத்துவார், சண்டை மூளும். அம்மாவுக்கு உன்மேல்தான் பாசம் என்ற பொருளில் டாம் முறையிட்டுச் சண்டையை முடிப்பார். பாட்டு முடியாமலே போகும். அரங்கம் சிரித்து ஓயாது. சான் ஃபிரான்சிஸ்கோவின் 'பர்ப்பிள் ஆனியன்' விடுதி மேடையில் பதிவான அவர்களின் முதல் இசைத்தட்டு 1961இல் வெளிவந்தது.

மேடையில் பேதையாகத் தோன்றிய டாம்தான் உண்மையில் நிகழ்ச்சியின் மூளை. எதைப் பாடுவது, யாரை அழைப்பது, எந்தச் சொல்லை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் முடிவு செய்தவர் அவரே. அறிவாளியாகத் தோன்றிய டிக்கோ, அவற்றையெல்லாம் தமையனின் பொறுப்பில் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர். பேதையின் வாயில் உண்மையை வைத்துச் சொல்லும் உத்தி நமக்குப் புதிதன்று. நம் கூத்தில் கட்டியங்காரனும் விதூடகனும் செய்வது அதுவே.

யாரும் விரும்பாத ஒரு மணி நேரம்

அக்கால அமெரிக்கத் தொலைக்காட்சியின் அமைப்பைச் சிறிது அறிந்தால்தான் பின்னால் நேர்ந்தது விளங்கும். சி.பி.எஸ்., என்.பி.சி., ஏ.பி.சி. என்ற மூன்று தனியார் நிறுவனங்களே நாடு முழுவதற்கும் நிகழ்ச்சிகளை வழங்கி வந்தன. ஆயினும் ஊர்தோறும் இருந்த ஒளிபரப்பு நிலையங்களில் மிகச் சிலவே அவற்றுக்குச் சொந்தம். ஏனையவை உள்ளூர் முதலாளிகளுக்குச் சொந்தமான இணைநிலையங்கள். ஒளிபரப்பும் உரிமத்தை மத்திய தகவல் தொடர்பு ஆணையம் அந்நிலையங்களுக்கே வழங்கியது. ஒரு நிகழ்ச்சி பிடிக்காவிட்டால் ஓர் இணைநிலையம் அதை ஒளிபரப்ப மறுக்கலாம். செலவை ஏற்பவர்களோ விளம்பரதாரர்கள். ஆக, ஒரு நகைச்சுவைக் கலைஞனின் சொல் வீட்டுக்குள் நுழைவதற்கு நிறுவனம், நிலையம், விளம்பரதாரர் என மூன்று வாயில்களைக் கடக்க வேண்டும். இவற்றுள் எதுவும் அரசு அன்று என்பதை நண்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி சி.பி.எஸ். நிறுவனத்துக்கு ஒரு தலைவலியாக இருந்தது. அதே நேரத்தில் என்.பி.சி.யில் 'பொனான்சா' என்ற குதிரைவீரர் தொடர் ஓடியது. அதுவே அன்று நாட்டில் முதலிடம் பெற்ற நிகழ்ச்சி. அதனை எதிர்த்து நிறுத்திய நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. பருவத்தின் நடுவே இன்னொன்றும் வீழ்ந்தபோது, வேறு வழியின்றி ஸ்மதர்ஸ் சகோதரர்கள் அழைக்கப்பட்டனர். 1965ஆம் ஆண்டில் அதே நிறுவனம் அவர்களை வைத்து ஒரு தொடர் எடுத்திருந்தது. அதில் டாம் இறந்து தேவதையாகத் திரும்பி வருபவர். கித்தாரும் இல்லை, பேஸும் இல்லை; ஒரே பருவத்தில் அது முடிந்தது. அந்தக் கசப்பை மறவாத டாம், இம்முறை படைப்புரிமை தம் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டார். பாழ்நிலத்தைக் குத்தகைக்கு விடுபவன் நிபந்தனைகளைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. நிறுவனம் இசைந்தது.

1967 பிப்ரவரி 5 அன்று நிகழ்ச்சி தொடங்கியது. இளைஞர்கள் பார்த்தனர், அவர்களோடு பெற்றோரும் பார்த்தனர். சிவப்புச் சட்டை, ஒழுங்காக வாரிய தலை, பணிவான புன்னகை, அவற்றினூடே வந்த கூரிய கேலி. தலைமுறைகள் இரண்டாகப் பிளந்துகொண்டிருந்த நாட்டில் இரு தலைமுறையும் ஒரே கூடத்தில் அமர்ந்து பார்த்த நிகழ்ச்சி அது. அப்பருவத்தின் முடிவிலேயே நாட்டின் முதல் இருபது நிகழ்ச்சிகளுள் ஒன்றாக அது உயர்ந்தது. அசைக்க முடியாதது என்று கருதப்பட்ட 'பொனான்சா' அசைந்தது. பாழ்நிலம் விளைந்துவிட்டது. விளைந்த நிலத்தை நிலவுடைமையாளர் வந்து பார்ப்பது இயல்பு.

எழுத்தாளர் அறையில் இளைஞர்களே மிகுதி. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஸ்டீவ் மார்ட்டின், ராப் ரைனர் ஆகியோர் இருபதுகளின் தொடக்கத்தில் அங்கே எழுதினர். கவிஞரும் கித்தார் கலைஞருமான மேசன் வில்லியம்ஸ் தலைமை எழுத்தாளர்களுள் ஒருவர். நிகழ்ச்சியின் நடிகர் பாட் பால்சன் சற்றும் சிரிக்காத முகத்துடன் 1968ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் தேர்தலில் தாமும் 'நின்றார்'. கேள்விகளுக்கு விடையே சொல்லாமல் அவர் ஆற்றிய உரைகள், உண்மையான வேட்பாளர்களின் உரைகளிலிருந்து எளிதில் பிரித்தறிய முடியாதவையாக இருந்தன.

சேற்றாற்றுப் பாடல்

நிறுவனத்தில் 'நிகழ்ச்சி ஒழுங்குத் துறை' என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு பிரதியையும் வாசித்துக் கோடிடுவது அதன் பணி. ஸ்மதர்ஸ் சகோதரர்கள் அத்துறையோடு முதலில் மோதியது முதற்பருவத்திலேயே. ஒரு திரைப்பட உரையாடலிலிருந்து ஒரு சொல்லை நீக்கி வேறு சொல்லிட முயலும் இரு தணிக்கையாளர்களைப் பற்றி இலேன் மே ஒரு சிறு நாடகம் எழுதித் தந்தார். தணிக்கையைக் கேலி செய்த அந்த நாடகம் தணிக்கை செய்யப்பட்டு முழுவதும் நீக்கப்பட்டது. இதைவிடச் சிறந்த நகைச்சுவையை அந்த எழுத்தாளர் அறை எழுதியிருக்க முடியாது.

இரண்டாம் பருவத்தில் மோதல் முற்றியது. பாடகர் பீட் சீகரை டாம் அழைத்தார். சீகர் 1955இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, தம் அரசியல் நம்பிக்கைகளைப் பற்றிய கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்தவர். அதற்காகத் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 1962இல் விடுபட்டவர். விடுபட்ட பிறகும் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. பதினேழு ஆண்டுகள் அவர் அங்கே காணப்படவில்லை. அவரைத் தடைசெய்யும் ஆணை என்று எதையும் எவரும் காட்டியதில்லை. அவர் அழைக்கப்படவில்லை, அவ்வளவே.

1967 செப்டம்பர் 10 அன்று ஒளிபரப்பான நிகழ்ச்சிக்காகச் சீகர் தாம் புதிதாக இயற்றிய ஒரு கதைப்பாடலைப் பாடினார். 1942ஆம் ஆண்டு, லூசியானா மாநிலத்தில் பயிற்சி பெறும் ஒரு படைப்பிரிவு. ஆற்றைக் கடக்குமாறு தலைவன் ஆணையிடுகிறான். முழங்கால் அளவு நீர், பிறகு இடுப்பளவு, பிறகு கழுத்தளவு. திரும்பிவிடலாம் என்று கீழ்நிலை அலுவலன் எச்சரிக்கிறான், தலைவன் கேட்கவில்லை, முன்னே செல்லச் சொல்லி முன்னே சென்றவன் மூழ்கிப் போகிறான். வேறோர் ஓடை வந்து கலந்து ஆற்றின் ஆழம் கூடியிருந்ததை அவன் அறியவில்லை. பாட்டில் வியட்நாம் என்ற சொல் இல்லை. குடியரசுத் தலைவர் ஜான்சனின் பெயரும் இல்லை. இறுதிச் சரணத்தில், செய்தித்தாளைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பழைய உணர்வே திரும்புகிறது என்று பாடகர் கூறுகிறார். அவ்வளவே.

அந்த இறுதிச் சரணத்தை விட்டுவிட்டுப் பாடுமாறு நிறுவனம் கேட்டது. சீகர் மறுத்தார். பாட்டு முழுவதும் வெட்டப்பட்டது. நம் கவிஞர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். குறிப்புப் பொருள் வெளிப்படைப் பொருளைவிட வலிமையுடையது என்று நம் இலக்கணிகள் வகுத்ததை, அந்தத் தணிக்கைத் துறையினர் நூல் பயிலாமலே உணர்ந்திருந்தனர். பெயர் சொல்லித் திட்டியிருந்தால் அது ஒரு மேடைப்பேச்சாகக் கடந்து போயிருக்கும். பெயர் சொல்லாததால் கேட்பவர் ஒவ்வொருவரும் அந்தப் பெயரைத் தாமே இட்டு நிரப்பிக்கொண்டனர். அதையே அவர்கள் அஞ்சினர்.

டாம் வாளாவிருக்கவில்லை. நடந்ததைப் பத்திரிகைகளிடம் சொன்னார். சில மாதங்களுக்குப் பின் நிறுவனம் இறங்கி வந்தது. 1968 பிப்ரவரி 25 அன்று சீகர் மீண்டும் வந்து அதே பாட்டை முழுவதுமாகப் பாடினார், அது ஒளிபரப்பாயிற்று. இரண்டு நாள் கழித்து, அதே நிறுவனத்தின் செய்தியாளரும் நாடெங்கும் நம்பிக்கைக்குரியவராக மதிக்கப்பட்டவருமான வால்டர் கிரான்கைட், வியட்நாம் போர் முட்டுக்கட்டையில் முடியும் என்றே தோன்றுவதாகத் தொலைக்காட்சியில் கூறினார். அடுத்த மாதம் 31ஆம் நாள், தாம் மீண்டும் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார். பாட்டினால்தான் இவை நிகழ்ந்தன என்று சொல்லும் பேதைமை எனக்கில்லை. ஆனால் வரலாறு திரும்பிய அந்த ஐந்து வாரங்களின் தொடக்கத்தில் ஒரு பாட்டும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

வெட்டுகளின் வரிசை

மூன்றாம் பருவம் 1968 செப்டம்பரில் தொடங்கியது. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட ஆண்டு அது. ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வெளியே காவலர்கள் இளைஞர்களைத் தடிகொண்டு தாக்கிய காட்சிகளை நாடே கண்டிருந்தது. பருவத்தின் முதல் நிகழ்ச்சியில் பாடகர் ஹாரி பெலஃபான்டே ஒரு திருவிழாப் பாட்டைப் பாட, பின்புலத்தில் சிகாகோக் காட்சிகள் ஓடுமாறு டாம் அமைத்தார். நிறுவனம் அப்பகுதியை முழுவதும் நீக்கியது. நீக்கியதால் ஐந்து நிமிடங்கள் காலியாயின. அந்நேரம் நிக்சனின் தேர்தல் விளம்பரத்துக்கு விற்கப்பட்டது. மௌனத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதையும், அதைப் பெறுபவர் யார் என்பதையும் இந்த ஒரு நிகழ்வு காட்டும்.

அக்டோபரில் டேவிட் ஸ்டைன்பெர்க் என்ற இளம் கலைஞர், விவிலியக் கதையொன்றைப் போதகரின் தொனியில் வேடிக்கையாகச் சொன்னார். சினமுற்ற கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. இணைநிலையங்கள் அஞ்சின. அதன் பிறகு ஒவ்வொரு வார நிகழ்ச்சியையும் முன்கூட்டியே தனிக்கம்பி வழியாக இணைநிலையங்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்ற புதிய ஏற்பாடு வந்தது. இதைக் கவனிக்க வேண்டும். முன்பார்வை என்று ஒன்று வந்தால், அதற்காக ஒளிநாடா முன்னதாகவே வந்து சேர வேண்டும். நாடா வந்து சேர ஒரு கெடு வேண்டும். கெடு என்று ஒன்று வந்துவிட்டால், அதைத் தவறவிடுதல் என்ற குற்றமும் பிறந்துவிடும். கத்தரிக்கோலின் இடத்தில் நாட்காட்டி வந்து அமர்ந்தது.

1969 மார்ச்சில் பாடகி ஜோன் பயஸ் வந்தார். படையில் சேர மறுத்ததற்காகச் சிறை செல்லவிருந்த தம் கணவர் டேவிட் ஹாரிஸுக்கு ஒரு பாட்டைக் காணிக்கையாக்கினார். அந்நிகழ்ச்சி உரிய வாரத்தில் வரவில்லை. அதற்குப் பதில் பழைய நிகழ்ச்சியொன்று மறுஒளிபரப்பாயிற்று. மூன்று வாரங்கள் கழித்து அது வெளிவந்தபோது, அவர் கணவர் சிறை செல்லப்போகிறார் என்ற செய்தி இருந்தது; ஏன் செல்கிறார் என்ற செய்தி வெட்டப்பட்டிருந்தது. ஒரு வாக்கியத்தின் பாதியை வெட்டி, கொள்கைக்காகச் சிறை செல்பவனை வெறுங்குற்றவாளியாக்கிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கே நடுநிலையோடு சிலவற்றைச் சொல்ல வேண்டும். சி.பி.எஸ். நிறுவனத்தார் கொடியோர் கூட்டமல்லர். வேறெந்த நிறுவனமும் அன்று ஒளிபரப்பியிராத பலவற்றை அவர்கள் ஒளிபரப்பவும் செய்தனர். பொழுதுபோக்குக்கென ஒதுக்கிய நேரத்தைத் தம் அரசியல் மேடையாக்க ஒரு கலைஞனுக்கு உரிமை உண்டா என்ற அவர்களின் கேள்வி அற்பமானதன்று. நிகழ்ச்சியின் தரவரிசையும் மூன்றாம் பருவத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது. டாமிடமும் பிழை உண்டு. வெட்டப்படும் என்று தெரிந்தே சிலவற்றை எழுதச் செய்தார். போர்க்குணம் மிகுந்து நகைச்சுவை குன்றிய வாரங்கள் இருந்தன. அந்நாட்களில் தம் சிரிப்பைத் தாமே தொலைத்துவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். தணிக்கை தன் எதிரியையும் தன்னைப் போலவே இறுக்கமாக்கிவிடுகிறது. எழுதுபவன் எந்நேரமும் வெட்டுபவனையே எண்ணி எழுதத் தொடங்கினால், வெட்டாத இடத்திலும் அவன் எழுத்து குறைபட்டதாகிவிடும்.

தந்தி

1969 தொடக்கத்தில் நிக்சன் பதவியேற்றார். நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவுக்கு ராபர்ட் வுட் புதிய தலைவரானார். நாடாளுமன்ற மேலவையில் தகவல் தொடர்புத் துணைக்குழுவின் தலைவரான பாஸ்டோர், தொலைக்காட்சியின் ஒழுக்கம் பற்றிக் கடுமையாகக் கேள்வி எழுப்பிக்கொண்டிருந்தார். டாமும் வாஷிங்டன் சென்று அதிகாரிகளைக் கண்டு தம் பக்கத்தை எடுத்துரைத்தார். அது நிறுவனத்துக்கு உவப்பளிக்கவில்லை. இத்தனைக்கும் மார்ச் மாதத்தில்தான் அடுத்த பருவத்துக்கும் நிகழ்ச்சி தொடரும் என்று ஒப்பந்தம் உறுதியாகியிருந்தது.

அவ்வசந்தத்தில் பதிவான ஒரு நிகழ்ச்சியில் ஸ்டைன்பெர்க் மீண்டும் வந்து, தீர்க்கதரிசி யோனாவின் கதையை வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். முன்பார்வைக்கு உரிய நேரத்தில் ஒளிநாடா வந்து சேரவில்லை, ஆகவே ஒப்பந்தம் மீறப்பட்டது என்று ராபர்ட் வுட் தந்தி அனுப்பினார். 1969 ஏப்ரல் 4 அன்று நிகழ்ச்சி நீக்கப்பட்ட செய்தியை நாடு அறிந்தது. அன்று புனித வெள்ளி.

போர் பற்றியோ, பாடகர்கள் பற்றியோ, மதம் பற்றியோ வாதம் ஏதும் தேவைப்படவில்லை. இரண்டாண்டு மோதல் முழுவதும் ஒரு நாடா எந்நாளில் வந்து சேர்ந்தது என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிவிட்டது. நிக்சன் அரசின் கை இதில் இருந்ததென்று டாம் நம்பினார். எனக்கு அந்த ஊகம் தேவைப்படவில்லை. இணைநிலையங்கள் முணுமுணுக்கின்றன, மேலவை உறுப்பினர் கேள்வி கேட்கிறார், தரவரிசை சற்று இறங்குகிறது. இத்தனையும் ஒன்றுசேர்ந்த இடத்தில் எவரும் எவருக்கும் ஆணையிட வேண்டியதில்லை. குறிப்பறிதல் அரசவைக்கு மட்டும் உரியதன்று.

சூன் மாதத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை நேரம் 'ஹீ ஹா' என்ற நாட்டுப்புற நகைச்சுவை நிகழ்ச்சிக்கு வழங்கப்பட்டது. அதே சூனில் மற்றொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. நின்றுபோன நிகழ்ச்சியின் எழுத்தாளர்களுக்கு அவ்வாண்டின் எம்மி விருது கிடைத்தது. தம் பெயர் இருந்தால் தோழர்களுக்கு விருது கிடைக்காமற் போகலாம் என்று அஞ்சி, எழுத்தாளர் பட்டியலிலிருந்து டாம் தம் பெயரை முன்பே நீக்கியிருந்தார். பிறர் கத்தரிக்கோலுக்கு எதிராக இரண்டாண்டு போரிட்டவர் கடைசியில் தம் பெயரைத் தாமே வெட்டிக்கொள்ள நேர்ந்தது. முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2008இல் நடந்த விழாவில், அன்றைய இளம் எழுத்தாளர் ஸ்டீவ் மார்ட்டினின் கையால் அவருக்குச் சிறப்பு விருது வழங்கப்பட்டது.

தீர்ப்பும் எஞ்சிய வினாவும்

சகோதரர்கள் நீதிமன்றம் சென்றனர். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் பேச்சுரிமையைக் காப்பது. ஆனால் அது அரசைக் கட்டுப்படுத்துமே அன்றித் தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. எனவே பேச்சுரிமை என்ற வாதம் நிலைபெறவில்லை. எஞ்சியது ஒப்பந்தம். 1973இல் நடுவர்குழு சகோதரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 7,76,300 டாலர் இழப்பீடு கிடைத்தது. ஒப்பந்தத்தை மீறியது நிறுவனமே என்று முடிவாயிற்று.

அவர்கள் வென்றனர். ஆயினும் இதனை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. சீகரின் சரணத்தை வெட்டியது சரியா, பயஸின் வாக்கியத்தில் பாதியை நீக்கியது நேர்மையா, பெலஃபான்டேயின் ஐந்து நிமிடங்களைத் தேர்தல் விளம்பரத்துக்கு விற்றது முறையா என்ற வினாக்கள் எந்த அவையிலும் தீர்க்கப்படவில்லை. சொல் வழக்காடு மன்றம் ஏறவே இல்லை. ஏறியது நாடா மட்டுமே. இழப்பீட்டுத் தொகை எழுதப்பட்ட காகிதத்தில் அந்த மௌனத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இக்கதையில் பெருந்தன்மையாக நடந்துகொண்ட ஓர் ஆட்சியாளரும் உண்டு. அவர் கேலிக்கு மிகுதியும் ஆளான ஜான்சனே. பதவிக்காலத்தின் இறுதியில், 1968 நவம்பரில், அவர் சகோதரர்களுக்கு ஒரு மடல் எழுதினார். அங்கதக்காரர்களின் அம்புக்கு இலக்காவது தலைமையேற்பதன் விலைகளுள் ஒன்று என்றும், சிரிக்கும் திறனை இழந்துவிடலாகாது என்றும் அதன் கருத்து. செவிக்குக் கசக்கும் சொல்லையும் பொறுப்பவனே அரசன் என்ற வள்ளுவர் நெறியை நாமறிவோம். தைத்த அம்பை அந்த மனிதர் பொறுத்துக்கொண்டார். தைத்துவிடுமோ என்று அஞ்சிய இடைநிலையினரால்தான் பொறுக்க இயலவில்லை. வேந்தனைவிட வாயிற்காவலனே கடுமையானவன் என்பதைப் பரிசிலுக்காக நெடுவழி நடந்த நம் பழம்புலவர்களும் அறிந்திருந்தனர்.

நிகழ்ச்சி நின்று இரண்டு மாதமும் ஆகாத நிலையில், 1969 சூன் முதல் நாள், மாண்ட்ரியல் நகர விடுதி அறையொன்றில் ஜான் லென்னன் தம் அமைதிப் பாட்டைப் பதிவு செய்தார். அருகே அமர்ந்து கித்தார் வாசித்தவர் டாம் ஸ்மதர்ஸ். 1988இல் அதே சி.பி.எஸ். நிறுவனம் சகோதரர்களை மீண்டும் அழைத்தது. சிறிது காலம் நிகழ்ச்சி நடந்தது. ஆனால் காலம் வேறாகியிருந்தது. 2023 டிசம்பர் 26 அன்று டாம் மறைந்தார். அவருக்கு வயது 86.

நம் மேடை

இனி, நம்மைப் பற்றி ஒரு சொல். வட்டம் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் நேர்ந்த ஒன்றைப் பழைய உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாதந்தோறும் நாம் கூடிவந்த கூடத்தை அடுத்த மாதத்துக்குத் தர இயலாது என்று பொறுப்பாளர் தெரிவித்தார். முந்தைய கூட்டத்தில் நம் கவிஞரொருவர் வாசித்த கவிதை சிலர் முகத்தைச் சுளிக்க வைத்திருந்தது. ஆனால் பொறுப்பாளர் கவிதையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. விண்ணப்பம் இரண்டு நாள் தாமதமாக வந்தது என்று மட்டும் சொன்னார். உண்மையில் இரண்டு நாள் தாமதந்தான். விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான். அதற்கு முன்பு எத்தனையோ முறை நான்கு நாள், ஐந்து நாள் தாமதமாகக் கொடுத்திருக்கிறேன். எவரும் நாட்காட்டியைப் பார்த்ததில்லை.

அன்று என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. கவிதையைக் குறை கூறியிருந்தால் வாதிட்டிருப்பேன். தாமதத்தைக் குறை கூறியவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அந்த மாதக் கூட்டம் ஓர் உறுப்பினரின் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. பதினோரு பேர் வந்திருந்தோம். அதே கவிஞரை அதே கவிதையை மீண்டும் வாசிக்கச் சொன்னோம். அதற்குப் பின் நாம் எவருடைய கூடத்தையும் நம்பி இருந்ததில்லை.

ஸ்மதர்ஸ் சகோதரர்களுக்கு வாரந்தோறும் இலட்சக்கணக்கான வீடுகள் திறந்திருந்தன. நமக்கு ஒரு மொட்டைமாடி. அவர்களுடைய மேடை பெரிது, ஆனால் பிறருடையது. நம்முடையது சிறிது, நம்முடையது. பத்தாண்டுகளில் நாம் ஈட்டியது எதுவென்று கேட்டால், வெளியிட்ட நூல்களின் எண்ணிக்கையை நான் முதலில் சொல்ல மாட்டேன். இங்கே வாசிக்கப்பட்ட கவிதையின் இறுதிச் சரணத்தை விட்டுவிட்டு வாசிக்குமாறு எவரையும் நாம் கேட்டதில்லை என்பதையே சொல்வேன். இனிவரும் ஆண்டுகளில் நம் வட்டம் வளரலாம். பெரிய அரங்கும் புரவலர்களும் வாய்க்கலாம். அப்போது விதிமுறைகளும் கெடு நாட்களும் தாமே வந்து சேரும். அவற்றை வகுக்கும் இடத்தில் அமரும் நம் இளைய நண்பர்கள், எவருடைய சொல்லேனும் பிடிக்காமற்போகும் நாளில், நாட்காட்டியை எடுக்காமல் அந்தச் சொல்லையே எடுத்து அதனோடு வாதிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இக்கட்டுரையை மலர்க்குழு குறித்த நாளுக்கு ஒரு வாரம் பிந்தியே கொடுத்தேன். ஏற்றுக்கொண்ட நண்பர்களுக்கு என் நன்றி.